அப்பா பார்த்த மஞ்சள் வட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், போன மாதம் இந்த வரியை எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும், இன்றைக்கு முக்கால்வாசி உண்மை, அதனால் தைரியமாகவே எழுதுகிறேன். நீ அங்கே நலமா, இருமல் விட்டதா, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாயா. கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், நான் உன்னிடம் சொல்லவேண்டியது அவர் காதில் விழக்கூடாது. போன வாரம் கேட்டாயே, அப்பா ஏன் வீடியோவில் வேறு ஒரு வார்த்தை பேசாமல் என் நெற்றியையே பார்க்கிறார், வெளிச்சத்துக்கு வா, முடியை ஒதுக்கு என்கிறார், எனக்கு என்னமோ போல இருக்கிறது என்று. ஒன்றுமில்லை, உன்னைப் பார்க்காமல் ஏங்கிப்போயிருக்கிறார் என்று மழுப்பிவிட்டேன். ஏங்கித்தான் போயிருக்கிறார், ஆனால் அவர் தேடியது வேறு. முதலிலிருந்து சொல்கிறேன், பதறாமல் படி. அவர் உயிருக்கு வந்த ஆபத்து இப்போதைக்கு விலகியிருக்கிறது, அது திரும்பி வராமல் இருக்க உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

அவருக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தது உனக்குத் தெரியும். கீழே விழுந்தால் தேடி எடுக்க முடியாது, அவ்வளவு சின்னது. அதோடு கால் வீக்கம் வடிய, நீர் நன்றாகப் பிரிய இன்னொரு மாத்திரை. இரண்டையும் நான்தான் கையில் எடுத்துக் கொடுத்து விழுங்கும்வரை நிற்பேன், அவரை நம்பினால் அது சட்டைப் பையிலேயே துவைப்பதற்குப் போய்விடும். சிகரெட்டை விட்டே தீரவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார், மனுஷன் விட்டும் விட்டார், ஆனால் வாய் சும்மா இருக்கவேண்டுமே. பேனா மூடியைக் கடித்தார், பிரஷ் பிடியைக் கடித்தார், அதுவும் போதாமல் என்னைக் கடித்துக் குதறினார். யோசித்துப் பார்த்து நான்தான் அதிமதுரக் குச்சி வாங்கி வந்தேன். தித்திப்பாக இருக்கும், தொண்டைக்கு நல்லது, உதட்டோரத்தில் சிகரெட் மாதிரியே நிற்கும். அவருக்குப் பிடித்துப்போனது, ஒன்று நாராகும் முன்பே அடுத்ததை எடுத்துவிடுவார். சாயங்காலம் அதையே நசுக்கிக் கொதிக்கவைத்து ஒரு பெரிய டம்ளர் வேறு. வீட்டில் புகை நாற்றம் போய் ஒரு தித்திப்பு வாசனை வந்து தங்கியது, திரைச்சீலையில், தலையணையில், அவர் மூச்சில். டம்ளரில் மிச்சம் இருந்தால் வீணாக்காமல் நானும் குடித்தேன். ஒரு வேரை வைத்து சிகரெட்டை ஒழித்துவிட்டேன் என்று நான் தைக்கிற தையல் கடையில் வருகிறவள் போகிறவளிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

முதலில் சாப்பாடு குறைந்தது. எதை வைத்தாலும் குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளினார். பால் கெட்டுப்போச்சு, மஞ்சளா இருக்கு பாரு என்று டம்ளரை என் மூக்குக்கு நேரே நீட்டினார், பால் பால் மாதிரிதான் இருந்தது. வயது ஆகிறது, வாயும் கண்ணும் சேர்ந்து மக்கர் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பாவின் பெயிண்ட் கடைப் பெருமை உனக்குத் தெரியாததா, நிறம் கலக்கும் மெஷின் வாங்கி வைத்தும் அதைப் போர்த்தியே வைத்திருக்கிறார், மெஷின் போடுற வெள்ளை செத்த வெள்ளை, என் கண்ணுல இருக்குற வெள்ளைதான் வெள்ளை என்பார். மாதிரி அட்டைகூட வைத்துப் பார்க்கமாட்டார். முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பழைய வெள்ளையே வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், வழக்கம்போல ஞாபகத்திலிருந்து கலந்தார். டப்பாவிலிருந்த வெள்ளை அவர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது, அந்த மஞ்சளைப் போக்க ஒரு சொட்டு நீலம், அப்படியும் போகவில்லை என்று இன்னொரு சொட்டு, இப்படியே விட்டுக்கொண்டே போயிருக்கிறார். சுவர் அடித்து முடித்த மறுநாள் அங்கிருந்து ஆள் வந்தது, அவரோடு நானும் போய்ப் பார்த்தேன். நல்ல மதிய வெளிச்சம். வரிசையாக எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், சுவரில் பட்ட வெளிச்சம் முகங்களில் விழுந்து, ஒவ்வொரு முகமும் தண்ணீரிலிருந்து தூக்கிப்போட்ட முகம் மாதிரி இருக்கிறது. உதடெல்லாம் நீலம். எல்லோரும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லையாம், நிர்வாகம் பார்க்கிற அம்மாள் என் காதோரம் சொன்னாள். உன் அப்பா கூடத்தின் நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்துவிட்டு, எவ்வளவு சுத்தமான வெள்ளை என்றார்.

அதற்குப் பிறகுதான் வட்டம் வந்தது. காலையில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், கதவோரம் நின்று என்னையே பார்த்தார். என்னங்க என்றேன். உன் தலையைச் சுத்தி மஞ்சளா ஒரு வட்டம் இருக்கு, அழகா இருக்கு, அசையாம நில்லு என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அழகு என்ற வார்த்தை எனக்காக வந்தது அன்றைக்குத்தான், அதனால் பயப்படத் தோன்றாமல் கரண்டியோடு நின்று சிரித்தேன். விளக்கைச் சுற்றி இருக்கிறது, பஸ் விளக்கைச் சுற்றி இருக்கிறது, மனுஷர்களைச் சுற்றியும் இருக்கிறது என்றார். கண் டாக்டரிடம் போகலாம் வாங்க என்றால், இப்பத்தான் எல்லாம் தெளிவா தெரியுது, கெடுத்துடாத என்றார். பக்கத்துக் கடை டிக்டிக் மாமாவை உனக்கு மறந்திருக்காது, கடிகார ரிப்பேர்காரர், சின்னப் பிள்ளையில் உன் காதில் கைக்கடிகாரத்தை வைத்து உயிர் இருக்கா சொல்லு என்பாரே, அவர்தான். ஒருநாள் சாப்பிட வந்த அப்பா உட்காராமலே, டிக்டிக்குக்கு வட்டம் இல்ல, எதிர்ல உக்காந்து டீ குடிச்சேன், டீ கொண்டுவந்தவனுக்கு இருக்கு, வாசல்ல நின்னவனுக்கு இருக்கு, அவனுக்கு மட்டும் இல்ல என்றார். அந்த வாரமே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். கடையிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கண்ணில் வைத்த லென்ஸ்கூடக் கீழே விழவில்லை. சர்க்கரை, சிறுநீரகம் என்று இல்லாத வியாதி இல்லை அவருக்கு, எல்லோரும் எதிர்பார்த்த சாவுதான். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மாமாவை எடுத்துப்போனபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், சிநேகிதன் போன துக்கம் அதில் கொஞ்சம்தான் இருந்தது, மீதியெல்லாம் நான் சொன்னேனே பார்த்தாயா என்கிற பார்வை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் இருப்பதே ஒரு மாதிரி ஆகிவிட்டது கண்ணு. விடிந்ததும் அவர் முதல் வேலை என்னைப் பார்ப்பது. கண்ணைத் திறந்தால் எதிரே அவர் முகம், என் தலைக்கு மேலே எதையோ சுற்றிச் சுற்றிப் பார்க்கும், பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். அதுவரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். சிரிக்காதே, நானே என்னைத் திட்டிக்கொள்வேன், ஆனாலும் அந்த இருக்கு என்ற சொல் வரும்வரைக்கும் எழுந்திருக்கத் தைரியம் வராது. குளியலறைக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார், சவரமும் நின்றுவிட்டது. துண்டை எடுத்தேன், மறுபடியும் போட்டார், ஊரார் வட்டம் எனக்குத் தெரியட்டும், என்னுது எனக்குத் தெரிய வேண்டாம் என்றார். தபால்காரம்மாவுக்கும் வட்டம் இல்லை என்று சொன்னார், அந்தப் பொம்பளை நாள் தவறாமல் மின்சார பில்லையும் விளம்பரக் காகிதத்தையும் கொண்டுவந்து போட்டுவிட்டு ஜோராகப் போய்க்கொண்டிருந்தாள். பாத்தீங்களா, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல என்றேன். இன்னும் ஆகலன்னு சொல்லு என்றார். அதற்கப்புறம் வாசலில் மணியடித்தால் நானும் ஓடிப்போய் அவள்தானா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் ஒரு மதியம் கடையில் மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். எதிர்க்கடைக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள், நான் போய்ச் சேரும்போது மார்பில் ஒயர்களோடு கிடந்தார், நாடி விட்டு விட்டு மெதுவாக அடிக்கிறது என்றார்கள். டாக்டரம்மா என்னிடம் உட்கார்ந்து பொறுமையாக எல்லாம் கேட்டார். மாத்திரை கூடுதலாகப் போட்டாரா என்று கேட்டார், இல்லவே இல்லை, என் கையால் கொடுத்தது என்றேன். சாப்பிடுகிறாரா, பார்வை எப்படி என்று கேட்டார், பாலும் சுவரும் மஞ்சள் என்கிறார் என்றேன். மருந்து தவிர வேறு என்ன எடுக்கிறார் என்றதும் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டும் சந்தோஷத்தில் அதிமதுரக் கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நம் உடம்பில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறதாம், இதயத்தில் அதுவும் இந்த வெள்ளை மாத்திரையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுமாம். உப்பு சரியாக இருந்தால் மாத்திரை தன் பங்கோடு அடங்கி இருக்கும். அதிமதுரம் அந்த உப்பைச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடுகிறது, நீர் மாத்திரையும் அதே வேலையைச் செய்கிறது, இடம் காலியானதும் மாத்திரை முழுக்கவும் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாத்திரை கூடலம்மா, உப்புதான் குறைஞ்சுபோச்சு, அதனால அளவான மாத்திரையே விஷமா வேலை செஞ்சிருக்கு என்றார். குமட்டல், மஞ்சள் பார்வை, விளக்கைச் சுற்றி வட்டம் எல்லாம் அதன் அடையாளமாம். மனுஷன் தலையைச் சுற்றியும் தெரியுமா என்று கேட்டேன். கண்ணும் மூளையும் குழம்பினால் என்ன வேண்டுமானாலும் தெரியலாம் என்றார். அப்படியென்றால் டிக்டிக் மாமாவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. என் காலில் விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது, உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கு, நீங்களும் இதைத் தொடவே கூடாது, அழுத்தம் எகிறிடும் என்று எனக்கும் ஒரு திட்டு.

நல்லது செய்கிறேன் என்று நானே கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே, டம்ளரை ஊதி ஆற்றிக் கொடுத்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன், உனக்குச் சொல்லவில்லை, வயிற்றுப்போக்கு என்று பொய் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போதெல்லாம் ஒரு தட்டைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடாகவே தெரியவில்லை. வாயைத் தாண்டி உள்ளே போனபிறகு எது எதோடு சேருகிறது, எது எதை வெளியே துரத்துகிறது, நமக்கு எதுவும் கேட்பதும் இல்லை தெரிவதும் இல்லை. நீ இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாயே, அதைக் காபி டம்ளரோடு முழுங்குகிற பழக்கத்தை விடு, காபியும் டீயும் பாலும் அந்தச் சத்தை உடம்பில் ஒட்டவிடாதாம், ஆரஞ்சுச் சாறோடு போட்டால் நன்றாக ஒட்டுமாம். காபிக்கு மாத்திரைக்கு முன்னும் பின்னும் நல்ல இடைவெளி விடு. வேறு எந்த மருந்து எடுத்தாலும் நீ என்னென்ன தின்கிறாய், குடிக்கிறாய் என்று ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல், வெறும் வேர்தானே, பழம்தானே என்று என்னைப்போல் அசட்டையாக இருக்காதே.

உப்பை ஏற்றி, மாத்திரையை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்து ஆரம்பித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பால் வெள்ளையானது. முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டு, தன் செலவிலேயே வேறு வெள்ளை அடித்துக் கொடுத்தார், மெஷின் போர்வையையும் அவரே எடுத்துவிட்டார். இனி எல்லாம் சரி என்று இருந்தேன். ஆனால் மனுஷர் ஒரு மாதிரி தவித்தார், என்னை உற்றுப் பார்ப்பார், கண்ணைக் கசக்குவார், மறுபடி பார்ப்பார். பிறகு திடீரென்று தெளிந்துவிட்டார், காலையில் அந்த இருக்கு என்ற சொல்லும் திரும்பி வந்தது. தலையணையில் பழைய தித்திப்பு வாசனையும் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கடைக்குப் போனேன், டப்பாக்களுக்குப் பின்னால் நின்று வாயில் குச்சியோடு மென்றுகொண்டிருக்கிறார். செத்துப்போகணுமா உங்களுக்கு என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. அது இல்லன்னா வட்டம் தெரிய மாட்டேங்குதும்மா, உனக்கு எப்ப என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும், பாப்பா அவ்வளவு தூரத்துல தனியா கிடக்குறா, அவளை யாரு பாத்துக்குவா, இது இருந்தா போன்லயாவது பாத்துக்குவேன் என்றார். விஷம் என்று தெரிந்தேதான் தின்றிருக்கிறார். என்னையும் உன்னையும் காவல் காப்பதற்காக.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, அவர் வாயிலிருந்த குச்சியைப் பிடுங்கி என் வாயில் போட்டு மென்றேன். நீங்க என்னைப் பாக்குறீங்க, உங்களை யாரு பாக்குறது, நானும் தின்னு உங்க வட்டத்தைப் பாக்குறேன் என்றேன். வெள்ளை மாத்திரை போடாத எனக்கு எதுவும் தெரியப்போவதில்லை, அழுத்தம்தான் ஏறும், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பதறிப்போய்க் குழந்தை வாயிலிருந்து மண்ணைத் தோண்டுவதுபோல் என் வாய்க்குள் விரலை விட்டு, துப்புடி, துப்புடி என்று அலறினார், பெயிண்ட் வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். துப்பினேன். அவரும் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார். டாக்டரம்மாவிடம் அழைத்துப்போய் ரத்தம் பார்த்தோம், நல்லவேளை, விஷம் பெரிதாக ஏறும் முன்பே பிடித்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் நீ பார்த்த அந்த வீடியோ அழைப்பு. உடம்பிலிருந்து விஷம் இறங்க இறங்க வட்டம் ஒவ்வொருவர் மேலிருந்தும் மங்கிப் போய்க்கொண்டிருந்தது. முதலில் டீக்கடைக்காரருக்கு, பிறகு தெருவில் நடக்கிறவர்களுக்கு, பிறகு எனக்கு. அன்று உன்னை வெளிச்சத்துக்கு வரச் சொல்லி, முடியை ஒதுக்கச் சொல்லி, பார்த்துப் பார்த்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாரே, உன் மேலும் இல்லாமல் போயிருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவரே சொன்னார். கண்ணுல இருந்து போச்சா, உங்க மேல இருந்து போச்சான்னு எனக்குத் தெரியல, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு என்றார். அவருக்கு இப்போது நாம் எல்லோருமே டிக்டிக் மாமா மாதிரி இருக்கிறோம் கண்ணு. குணமாகிவிட்டார் என்று டாக்டரம்மா சொல்கிறார், அவர் பிணங்களுக்கு நடுவில் நடக்கிறவர் மாதிரி நடக்கிறார். காலையில் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து எதுவும் சொல்ல முடியாமல் எழுந்து போகிறார். எல்லாரும் இப்படித்தாங்க வாழுறோம் என்று நான் சொன்னேன், அவர் தலையாட்டினார், ஆனால் பயம் போகவில்லை. அந்தப் பயம் ஏறினால் எங்காவது போய் மறுபடி வாங்கித் தின்றுவிடுவாரோ என்று என் கவலை.

அதனால் இனிமேல் வீடியோ வேண்டாம், அவர் வட்டத்தைத் தேடும்படி உன் முகத்தைக் காட்டாதே. தினமும் ஒரு தடவை குரலில் பேசு. என்ன சாப்பிட்டாய், எந்த பஸ்ஸில் வந்தாய், யாரோடு சண்டை போட்டாய் என்று சும்மா வளவளவென்று பேசு, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். வரும்போது அதிமதுர மிட்டாய், அது கலந்த டீ எதையும் பெட்டியில் கொண்டுவராதே. உனக்கு ஒரு குறையும் வராமல், நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக, எங்களுக்குப் பிறகும் நெடுங்காலம் நீ நன்றாக இருக்கவேண்டும், இதைத்தான் நாங்கள் இருவரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம். நேற்று உன் படத்தைத் துடைத்து வைக்கும்போது நானும் நெற்றிக்கு மேலே உற்றுப் பார்த்தேன். நான் எதையும் தின்னவில்லை, என் கண் நன்றாக இருக்கிறது, அங்கே ஒன்றும் இல்லை. நீ பிறந்த நாளிலிருந்தே அங்கே ஒன்றும் இருந்ததில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் படத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இது கிடைத்ததும் போன் செய், அப்பா எடுத்தால் வேறு எதுவும் சொல்லும் முன்பு, இருக்கேன்பா என்று சொல்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா